யாம் முக்காலி தெரிந்த வரலாறு

செல்வமுடையார் ஒரு கருவியை வாங்குங்கால் அது தகாததாய் முடியுமாயின், அதனை ஒரு மூலையில் எறிந்துவிட்டு மற்றொன்று வாங்குவர். பொருள் சுருங்கியார்க்கு அவ்வாய்ப்பு இல்லை. கொடுத்த காசு கொடுத்ததே. ஆதலின் சிறிய பணப்பை உடையாரே பெரிய ஆராய்ச்சி செய்தல் வேண்டும் என்பது எமது துணிபு. இதனை விளக்குதற்கு யாம் எடுத்துக்கொண்ட பொருள் பெரியதொன்றன்று. சென்ற ஆண்டு யாம் வாங்கிய காமிரா முக்காலியே. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயில்வார்க்கு முக்காலியோடு என்ன உறவு என்று நகைக்கும் நண்பர்கள் சில பக்கம் பொறுத்துப் படித்தருள்வாராக.

கடைக்காரர் 'ட்ரைபாட்' என்பதனையும், கல்யாண வீடுகளிற் படம் பிடிப்பார் 'ஸ்டாண்டு' என்பதனையுமே யாம் முக்காலி என்கின்றோம். மூன்று கோல் சேர்ந்த கருவி தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் அந்தணர்க்கு உரியனவாக எண்ணும் பொருள்களுள் முக்கோலும் ஒன்று. மூன்று என்னும் எண்ணின் பெருமை யாதெனின், நான்கு கால் உடைய பலகை மேடுபள்ளமான தரையில் ஆடும். மூன்று கால் உடையது எத்தகைய தரையிலும் ஆடாது நிற்கும். மூன்று முனைகள் எங்ஙனம் அமையினும் ஒரு தளத்தின்கண் அடங்கும் என்பது கணித நூலார் கூற்று. கணிதம் கல்லாத எம் பாட்டிமாரும் வயற்காட்டில் மூன்று கல் கூட்டியே அடுப்பு அமைத்தனர். அவர்தம் உலைப்பானை சாய்ந்ததில்லை.

நிற்க. யாம் இக்கருவியை நாடியதற்குக் காரணம் எம் தருமபுரி மாவட்டத்து நடுகற்களே. பண்டு தகடூர் எனப் பெயர் பெற்ற இந்நாடு அதியமான் நெடுமான் அஞ்சியின் நாடு. அவன் மறைந்தபின் அவனுக்கு நட்ட கல்லை நோக்கி ஔவையார் இரங்கிப் பாடிய பாட்டுப் புறநானூற்றில் உள்ளது. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் துறைதுறையாக வகுத்துக் கூறும்; அத்துறைகளுள் ஒன்றற்குக் கால்கோள் என்றே பெயர். நூலிற் படித்த இவை எம் ஊர்ப்புறத்து வரப்பு ஓரங்களிலும் புளியமரத்து நிழல்களிலும் இன்றும் கல்லாக நிற்கின்றன. ஆநிரை கவர்ந்த போரிலும், மீட்ட போரிலும், பிற பூசல்களிலும் பட்ட வீரரின் உருவமும், அவரைப் பற்றிய சில வரிகளும் இக்கற்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. பழைய கற்களில் எழுத்துப் பெரும்பாலும் வட்டெழுத்து.

தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினர் அண்டை நாட்டுக் கற்களைத் தொகுத்து 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலையும், இம்மாவட்டத்துக் கல்வெட்டுக்களைத் தொகுத்து 1975இல் 'தருமபுரி கல்வெட்டுகள்' என்னும் நூலையும் வெளியிட்டனர். சில கற்கள் தருமபுரி நகரத்து அகழ்வைப்பகத்திற் சேர்க்கப்பட்டுக் காவல் பெற்றுள்ளன. எஞ்சியவை வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. சிலவற்றை ஊரார் வேடியப்பன் எனப் பெயரிட்டுப் பூசிக்கின்றனர். அங்ஙனம் பூசை பெறும் கல் நீடு வாழும், ஆயினும் எண்ணெயும் மஞ்சளும் சுண்ணாம்பும் எழுத்தை மூடும். பூசை பெறாத கல்லின் கதி அதனினும் இரங்கத்தக்கது. கத்தி தீட்டுவாரும், அதன்மேல் ஏறி அமர்வாரும், சுவருக்குக் கல் தேடுவாரும் அதற்குப் பகைவர். ஆண்டுதோறும் ஓர் எழுத்துத் தேய்கின்றது. தேய்ந்த எழுத்தைத் திரும்பப் பெறுதல் யார்க்கும் இயலாது. தேயுமுன் நல்ல படம் எடுத்துவைத்தல் கல்லூரி மாணவர்க்கும் இயல்வதொன்று.

ஆயின், நடுகல்லின் எழுத்தைப் படமெடுத்தல் மாணவர் குழுவைப் படமெடுத்தல் போன்றதன்று. நண்பகலில் கதிரவன் ஒளி கல்லின்மேல் நேரே வீழுங்கால் எழுத்தின் பள்ளமும் கல்லின் பரப்பும் ஒரே நிறமாய்த் தோன்றும். காலையிலும் மாலையிலும் ஒளி பக்கவாட்டிற் சாய்ந்து வந்து கல்லின் முகத்தை வருடிச் செல்லுங்கால்தான் பள்ளந்தோறும் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். அவ்வேளையிலோ ஒளி குறைவு. கல்லின் மேடுபள்ளம் முழுதும் தெளிவாக விழுதற்கு லென்சின் வாயைச் சுருக்கி எஃப் 8 என்னும் அளவில் வைத்தல் நன்று. அப்பொழுது ஒளி இன்னும் குறையும். ஆகவே காமிராவின் கதவு ஒரு நொடியில் நான்கில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோ திறந்திருத்தல் வேண்டிவரும். 50 மில்லிமீட்டர் லென்சைக் கையிற் பிடித்து எடுப்பார் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கினும் மெதுவாக எடுத்தல் கூடாது என்பது படமெடுப்பார் வழங்கும் பொது விதி. இவ்விதியைக் கடந்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் எழுத்து இரட்டிக்கும். வட்டெழுத்தில் பகரமும் வகரமும் தம்முள் மிகவும் ஒத்தவை. ஒரு மயிரிழை அசைவு பகரத்தை வகரமாக்கிவிடும். வீரன் ஒருவனுடைய பெயரே வேறாகிவிடும். இதுவே எமக்கு முக்காலி வேண்டிய காரணம்.

மற்றொரு காரணமும் உண்டு. காமிராவை ஓரிடத்தில் அசையாது நிறுத்தி, விளக்கை மட்டும் கல்லைச் சுற்றி வெவ்வேறு திசைகளிற் பிடித்துப் பல படம் எடுத்து, அவற்றைக் கணிப்பொறியில் ஒன்றுசேர்த்துத் தேய்ந்த எழுத்தையும் படிக்கும் முறையொன்று இக்காலத்து வழங்குகின்றது. டாம் மால்ஸ்பெண்டர் முதலியோர் 2001இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது இது. இதற்கு வேண்டுவன ஒரு விளக்கும் பொறுமையும் அசையாத காமிராவும். பல படங்களுள் ஒன்றில் காமிரா சிறிது நகர்ந்தாலும் முழு உழைப்பும் வீணே. கை எத்துணை உறுதியுடையதாயினும் இப்பணிக்கு உதவாது.

எழுத்துக்காக முக்காலி சுமந்து இவ்வழியே வந்தார் எமக்கு முன்னும் ஒருவர் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் என்பார் 1856இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூரினின்றும் புறப்பட்டுத் தெற்கே சென்ற அவர், இராயக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சை முதலிய இடங்களைப் படமெடுத்தார். இராயக்கோட்டைப் படங்கள் 1858இல் ஒரு தனித் தொகுதியாக வெளிவந்தன. அவ்வூர் அன்று சேலம் மாவட்டத்தது. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபொழுது இதனைச் சார்ந்து, 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. டிரைப் கையாண்டது மெழுகிட்ட காகிதம். அதன்மேற் படம் பதிய நிமிடக் கணக்கில் ஒளி வேண்டும். அவர்தம் படத்தாளின் அளவோ ஏறத்தாழ 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். அத்துணைப் பெரிய பெட்டியைத் தாங்கிய கால்கள் எத்துணை உறுதியாய் இருந்திருத்தல் வேண்டும்!

அவர் தஞ்சையிற் செய்த வேலை எம்போலும் தமிழ் மாணவர் மறக்கத்தகாதது. பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சூழ்ந்துள்ள கல்வெட்டை அவர் இடம் மாறி மாறி நின்று பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அமைத்தார். ஒவ்வோர் இடத்தும் காமிராவின் உயரமும் சாய்வும் ஒத்திருந்தாலன்றி வரியோடு வரி பொருந்தாது. அக்கோயிற் கல்வெட்டுக்களை அறிஞர் ஹுல்ட்ஷ் 1891 முதல் அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். அதற்கு 33 ஆண்டு முன்னரே அவ்வெழுத்தை ஒருவர் கல்லினின்றும் காகிதத்திற்குக் கொண்டுவந்துவிட்டார். அவருடைய கருவிகளை மாட்டு வண்டிகள் சுமந்தன. எம்முடையதை எம் தோளே சுமத்தல் வேண்டும். அவருக்கு அரசாங்கம் பொருள் தந்தது. எமக்கோ விடுதிச் செலவில் மிச்சம் பிடித்தும், இரு சிறுவர்க்கு மாலையில் இலக்கணம் கற்பித்தும் சேர்த்த 6,500 ரூபாயே முதல். கோபுரம் கட்ட விரும்புவோன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடல் வேண்டும் என்று லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அறிவுறுத்துகின்றார். யாமும் உட்கார்ந்து கணக்கிட்டோம்.

முதற்கண் தருமபுரி நகரத்துக் கடையொன்றில் நுழைந்தோம். கடைக்காரர் பளபளக்கும் முக்காலியொன்றை விரித்து நிறுத்தி, “தம்பி, இது ஆறடி உயரம் போகும், பையும் சேர்த்தே தருகிறோம்” என்றார்.

“அண்ணா, நடுக்குழாயை உயர்த்தாமல் எவ்வளவு உயரம் வரும்?” என்றோம்.

அவர் எம்மைச் சிறிது உற்று நோக்கி, “அப்படிக் கேட்டால் நாலடிக்குக் கொஞ்சம் கூட வரும்” என்றார்.

இவ்வொரு வினாவே எமக்குப் பாதி வழி காட்டிற்று. முக்காலியின் நடுவே மேலெழும் குழாயை உயர்த்திய பின்னர் அது முக்காலியன்று. மூன்று காலின்மேல் நட்ட ஒற்றைக்கோல். ஒரு கோலின் நீளம் இரட்டித்தால், அதே தள்ளலுக்கு அதன் முனை எட்டு மடங்கு வளையும் என்பது பொறியியலார் கணக்கு. ஆகவே விளம்பரத்திற் கூறும் உயரத்தை நம்பாது, நடுக்குழாய் தாழ்ந்திருக்கும் உயரத்தையே உயரமாகக் கொள்ளல் வேண்டும். அன்றியும் எமக்கு வேண்டியது உயரமன்று. வயலில் நிற்கும் நடுகற்களுட் பல முழங்கால் அளவிலும் இடுப்பளவிலும் நிற்பவை. சில பாதி புதைந்தவை. எமக்கு வேண்டியது தாழ்ந்து நிற்கும் ஆற்றல். நின்று பார்க்கக் கண்ணளவு உயரம் வேண்டும் என்பது மலைக்காட்சி எடுப்பார்க்கும் பறவை நோக்குவார்க்கும் பொருந்தும். கல்லெழுத்துப் படிப்பார் மண்டியிடுதற்கு நாணலாகாது.

இரண்டாவதாகக் கால்களின் நடுவே மூன்று காலையும் பிணைக்கும் குறுக்குச் சட்டத்தை நோக்கினோம். விலை மலிந்த முக்காலிகளுட் பலவற்றில் இச்சட்டம் உண்டு. மண்டபத்துச் சமதரைக்கு அது பொருந்தும். வரப்பிலோ, ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் ஒரு கால் கல்லின்மேலும் நிற்றல் வேண்டும். ஒவ்வொரு காலும் தன்போக்கில் விரிதல் வேண்டும். சட்டத்தாற் பிணைத்த கால்கள் அங்ஙனம் விரியா. சட்டமின்றி, ஒவ்வொரு காலின் தோளிலும் இரண்டு மூன்று கோணங்களில் நிறுத்தும் தடை உள்ள முக்காலியே காட்டுக்கும் மேட்டுக்கும் ஏற்றது. இது விலையை மிக உயர்த்துவதுமன்று.

மூன்றாவது, காலின் பகுதிகள். ஒன்றனுள் ஒன்று நுழையும் குழாய்களாற் கால் அமைந்துள்ளது. மூன்று குழாய் உடையன உண்டு. நான்கும் ஐந்தும் உடையனவும் உண்டு. குழாய் மிகுந்தால் மடக்கிய நீளம் குறைந்து பைக்குள் அடங்கும். பேருந்தில் எளிதாகக் கொண்டு செல்லலாம். ஆயின் ஒவ்வொரு குழாயும் மேலுள்ளதனினும் மெலியதாதலின் ஐந்தாவது குழாய் விரலளவே இருக்கும். சுவரின் தடிப்பு ஒத்திருப்பின், குழாயின் விட்டம் இரட்டித்தால் அதன் விறைப்பு ஏறக்குறைய எட்டு மடங்காகும். 28 மில்லிமீட்டர் குழாய்க்கும் 14 மில்லிமீட்டர் குழாய்க்கும் உள்ள வேறுபாடு ஆனைக்காலுக்கும் ஆட்டுக்காலுக்கும் உள்ள வேறுபாடு போன்றது. ஆகவே காசு குறைந்தார் குறைந்த பகுதிகளையும் தடித்த குழாயையுமே விரும்புதல் வேண்டும். சுமை சிறிது நீண்டிருக்கும், அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். முக்காலி உயரம் போதுமாயின் கடைசிக் குழாயை நீட்டாமலே வைத்தல் இன்னும் நன்று.

நான்காவது, பூட்டு. குழாயைத் திருகி இறுக்கும் பூட்டு ஒருவகை. நெம்பி மடக்கும் பூட்டு மற்றொருவகை. இரண்டும் நல்லனவே. திருகுப் பூட்டிற் புழுதி புகுந்தால் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டுதல் வேண்டும். நெம்புப் பூட்டுத் தளர்ந்தால் அதன் சிறு திருகாணியை இறுக்கினாற் போதும். எது பூட்டியது எது பூட்டாதது என்பதும் கண்ணுக்குத் தெரியும். ஒகேனக்கல் போன்ற இடத்திற் காலை நீரில் ஊன்றுவார், வீடு திரும்பியபின் குழாய்களை நீட்டி நல்ல நீரிற் கழுவி நிழலில் உலர்த்துதல் கட்டாயம்; மணல் ஒன்றே போதும், பூட்டின் உள்ளிருந்து கருவியை அரிக்க. அவ்வருவியின் எதிரே உள்ள தொங்குபாலத்தில் முக்காலி ஊன்றுவது பயனற்றது என்பதனையும் ஈண்டுச் சொல்லி வைப்போம். மக்கள் நடக்குந்தோறும் பாலமே அசையுமாதலின் எத்துணை விலையுயர்ந்த முக்காலியும் பாலத்தோடு ஆடும். பாறைமேல் ஊன்றுக.

காலின் பொருளைப் பற்றியும் ஒரு சொல். அலுமினியம், கரியிழை, மரம் என மூவகைப் பொருளாற் கால்கள் செய்கின்றனர். பிரான்சு நாட்டு ஜிட்ஸோ நிறுவனம் 1994இல் கரியிழைக் கால்களைப் படக்காரர்க்கு அறிமுகப்படுத்தியது. கரியிழை எடை குறைந்தது, அதிர்வை விரைவில் அடக்குவது, வெயிலிற் சுடாதது. அதன் விலை எம்மிடம் இருந்த தொகையைப் போல் மும்மடங்கு கேட்டனர். மலிந்த கரியிழையினும் நல்ல அலுமினியம் உறுதியுடையது என்று ஆராய்ந்து தெளிந்தோம். எடை குறைவு என்பது நெடுவழி நடப்பார் விலை கொடுத்து வாங்கும் சுகம். காற்று வீசும் வயலில் எடையே ஒரு நன்மை. எடை போதாதாயின் நடுக்குழாயின் அடியிலுள்ள கொக்கியிற் பையைத் தொங்கவிடலாம்; பை அந்தரத்தில் ஊசலாடினால் அதுவே முக்காலியை ஆட்டுமாதலின், தரையைச் சிறிது தொடும்படி தொங்கவிடுதல் முறை.

'இத்துணைக் கிலோ தாங்கும்' என்று பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை யாம் ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. என்னை? அவ்வெண்ணை அளத்தற்கு எல்லா நிறுவனத்தாரும் ஒப்புக்கொண்ட ஒரு முறை இல்லை. ஒருவர் முறிவதற்கு முன்னுள்ள எடையைக் கூறுவர். மற்றொருவர் நழுவுவதற்கு முன்னுள்ள எடையைக் கூறுவர். எம் மாமா அளித்த பழைய காமிராவும் லென்சும் ஏறத்தாழ 700 கிராம். அச்சிட்ட எண் எம் சுமையின் மும்மடங்கிற்குக் குறையாதிருத்தல் வேண்டும் எனக் கொண்டு, அதன்பின் கண்ணாலும் கையாலும் ஆராய்ந்தோம். கால்களை முழுதும் நீட்டி நிறுத்தி, தலைப்பாகத்தைக் கையால் அழுத்திச் சிறிது முறுக்கிப் பார்த்தல் வேண்டும். பூட்டு நழுவினும், கால்கள் கொடிபோல் முறுகினும் விட்டுவிடுக. இச்சோதனைக்குக் காசு வேண்டா.

இனித் தலையைப் பற்றிக் கூறுவாம். கடைக்காரர் 'பால் ஹெட்' என்னும் உருண்டைத்தலையில், கிண்ணம் போன்ற கூட்டினுள் ஓர் உலோக உருண்டை இருக்கும்; உருண்டையின் தண்டின்மேற் காமிரா அமரும். ஒரு குமிழைத் தளர்த்தினால் எப்பக்கமும் திரும்பும், இறுக்கினால் நிற்கும். கழுத்தும் தலையும் போன்ற அமைப்பு இது. உருண்டை பெரியதாயின் பிடிக்கும் பரப்பும் பெரிது. ஆதலின் விட்டத்தைக் கேட்டு வாங்குக. எம் சுமைக்கு 36 மில்லிமீட்டர் தாராளமாகப் போதும். குமிழ் ஒன்றே உடைய தலையும் உண்டு; இறுக்கும் குமிழ், உராய்வை அளவிடும் குமிழ், அடித்தட்டைச் சுழற்றிப் பூட்டும் குமிழ் என மூன்று உடையதும் உண்டு. உராய்வுக் குமிழ் உள்ள தலையில், பெருங்குமிழைத் தளர்த்தியவுடன் காமிரா பொத்தென்று கவிழாது, மெல்ல இணங்கும். கவிழ்ந்த காமிரா கல்லின்மேல் மோதினால் இரண்டற்கும் கேடு. அடித்தட்டுச் சுழற்சியோ, டிரைப் செய்தவாறு நீண்ட கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுப்பார்க்கும், பரந்த காட்சி எடுப்பார்க்கும் உதவும்.

தலையிற் காணப்படும் பெருங்குறை ஒன்றுண்டு. எழுத்தைச் சட்டத்துள் நேர்படுத்திக் குமிழை இறுக்கியபின் கையை எடுத்தால், காமிராவின் மூக்கு ஒரு நெல்லளவு தாழ்ந்து நிற்கும். மலைக்காட்சிக்கு இது பெரிதன்று. அணித்தே உள்ள எழுத்துக்கு இது பெரிது. ஆதலின் கடையிலேயே காமிராவைப் பூட்டி, பின்புறத் திரையிற் காட்சியைப் பத்து மடங்கு பெருக்கி, எதிரே தொங்கும் நாட்காட்டியின் ஓர் எண்ணைத் திரையின் நடுவிற்கொண்டு, இறுக்கிக் கையை எடுத்துப் பார்த்தோம். நான்கு தலைகளை இங்ஙனம் ஆராய்ந்ததில் இரண்டில் அவ்வெண் திரையைவிட்டே இறங்கிற்று, மூன்றாவது சிறிது அசைந்தது, நான்காவது நின்றது. விலையில் மூன்றாவதும் நான்காவதும் ஒன்றே.

காமிராவின் அடியிற் பூட்டும் சிறு தட்டையும் புறக்கணித்தல் ஆகாது. ஆர்க்கா-ஸ்விஸ் என்னும் நிறுவனத்தார் வகுத்த சரிந்த விளிம்புடைய, ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டினைப் பல நிறுவனத்தாரும் பின்பற்றுகின்றனர். அவ்வகையாயின் ஒன்று தொலைந்தாலும் வேறொரு கடையில் வேறொன்று கிடைக்கும். ஒரு நிறுவனத்துக்கே உரிய தனி வடிவத் தட்டுத் தொலைந்தால் முக்காலி வெறும் மூன்று கோலே. காமிராவின் திருகாணி கால் அங்குலம் என்பதும், தலையையும் காலையும் இணைக்கும் திருகாணி எட்டில் மூன்று அங்குலம் என்பதும் உலகப் பொதுவழக்கு. ஆகவே தலை கழற்றத்தக்கதாய் உள்ள கால்களை வாங்கினால், இன்று கால், நாளை தலை என்று பகுத்து வாங்கலாம். காசு சேர்ந்தபின் தலையை மட்டும் மாற்றலாம். தலையும் காலும் ஒன்றாக வார்த்தது போன்ற முக்காலி ஒரு பகுதி கெட்டால் முழுதும் கெட்டதே.

இவ்வாறு ஆராய்ந்தபின் யாம் செய்தது இது. ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்து ஓய்வுபெறும் பெரியவர் ஒருவரிடம் மூன்று பகுதி உடைய பழைய அலுமினியக் கால்கள் இருந்தன. மேற்குழாய் 28 மில்லிமீட்டர், வண்ணம் உரிந்தது, ஒரு ரப்பர்க் குளம்பு இல்லை. ஆயினும் பூட்டுக்கள் உறுதி, முறுக்கினால் முறுகவில்லை. “தம்பி, இது எத்தனையோ கல்யாணத்தைப் பார்த்தது, இனிக் கல்லைப் பார்க்கட்டும்” என்று சொல்லி அவர் 2,800 ரூபாய்க்குத் தந்தார். நின்று காட்டிய அந்நான்காவது தலையைப் புதிதாக 2,900 ரூபாய்க்கு வாங்கினோம். எஞ்சிய 800 ரூபாய் ரப்பர்க் குளம்புக்கும், ஒரு கைவிளக்குக்கும், பேருந்துக் கட்டணத்துக்கும் ஆயிற்று. புதிய முக்காலி ஒன்றை இத்தொகைக்கு முழுதாக வாங்கியிருந்தால் இத்தடிப்புள்ள கால்கள் கிடைத்திரா.

அரூர் வட்டத்தில் ஒரு சோளக்கொல்லையின் ஓரத்தில் நிற்கும் நடுகல்லே அதன் முதற்பணி. அறிஞர் முன்னரே படித்த கல்தான். புதியது கண்டோம் என்று யாம் பெருமை கொள்ளவில்லை. நிலத்துக்குரிய முதியவர், “செருப்பைக் கழட்டிட்டுப் போங்க தம்பி, வேடியப்பன் இருக்கிற இடம்” என்றார். “சரிங்க தாத்தா” என்று அவ்வாறே செய்தோம். யாம் வணங்கும் முறை வேறு. அதனால் பிறர் வணங்கும் இடத்தில் அடக்கம் குறைதல் வேண்டா. கால்களை அகல விரித்துத் தாழ நிறுத்தி, கூர்முனையை உள்ளிழுத்து ரப்பர்க் குளம்பால் ஊன்றி, பொத்தானைக் கையால் அழுத்தின் அதிர்வு உண்டாகுமாதலின் இரண்டு நொடி கழித்துத் தானே எடுக்குமாறு காமிராவை அமைத்து, கதிர் சாயும் வேளையிற் பன்னிரண்டு படம் எடுத்தோம். எழுத்தைத் தெளிவாக்கச் சுண்ணக்கட்டி பூசுவாரும் மாவு தேய்ப்பாரும் உளர். கல்லைத் தேய்க்கும் அவ்வழக்கம் விலக்கத்தக்கது. முக்காலியும் சாய்ந்த ஒளியும் கல்லைத் தொடாமலே எழுத்தைக் காட்டும். விடுதிக்குத் திரும்பிப் படத்தைப் பெருக்கி, அச்சிட்ட பாடத்தை அருகில் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தோம். எம் ஆசிரியர் ஒரு வகரத்தின் வளைவைச் சுட்டி, அது ஏன் பகரமாகாது என்று கரும்பலகையில் வரைந்து காட்டினார். கல்லின் முன் நின்று அறிந்ததினும் மிகுதியாக அப்படத்தின் முன் அமர்ந்து அறிந்தோம்.

அகழ்வைப்பகங்களிலும் கோயில்களிலும் முக்காலி ஊன்றுமுன் உரியாரிடம் கேட்டுக்கொள்ளல் வேண்டும். இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் முக்காலிக்கு முன்னனுமதி பெறுதல் விதி. அனுமதி கிடையாத இடத்தும், முக்காலி வாங்க இயலாதார்க்கும் ஒரு வழி உண்டு. தடித்த துணிப்பையிற் புளியங்கொட்டையை முக்கால் அளவு நிரப்பித் தைத்து, தரையிலோ சுவர்மேலோ வைத்து, அதன்மேற் காமிராவை அழுத்தி அமர்த்துக. தாழ்ந்த படத்துக்கு அது மலிந்த முக்காலியினும் மேலானது. எம் மாவட்டத்திற் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. கைப்பேசி ஒன்றே உடைய நண்பர்களும் கால் அங்குலத் திருகாணிக்கு ஏற்ற சிறு கவ்வி வாங்கினால் இவ்வசதி எல்லாம் பெறுவர்.

ஈண்டு யாம் கூறியவற்றைத் திரட்டிச் சொல்லின், உயரத்துக்கும் பளபளப்புக்கும் காசு கொடாது, காலின் தடிப்புக்கும் தலையின் பிடிப்புக்கும் கொடுக்க என்பதே. முக்காலி ஒன்றினை ஒருவரே வைத்திருத்தல் வேண்டும் என்பதுமில்லை. எம் கல்லூரித் தமிழ் மன்றம் ஒரு நல்ல முக்காலியைப் பொதுவில் வாங்கி வைத்து, விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்க்கு நூல்நிலையப் புத்தகம் போல் இரவல் தருமாயின், ஒவ்வோர் ஆண்டும் சில கற்களின் எழுத்தேனும் தெளிவான படமாக நூல்நிலையத்தை அடையும். பழைய மாணவர் சங்கத்தாரும் இதனைக் கருதுவாராக. அதுகாறும் எம்முடையது விடுதி அறையின் கதவுப்புறத்தே சாத்தி வைக்கப்பட்டுள்ளது. வேண்டுவோர் கேட்டுப் பெறலாம். மண் துடைத்துத் திருப்பித் தருதல் ஒன்றே யாம் விதிக்கும் கட்டளை.